போதும்னு வயிறு எப்படிச் சொல்லும்?

2 ஜூன் 2024 (கேள்வி)
அடுத்த மாசம் எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன், எடை குறைய இரைப்பையை வெட்டிச் சின்னதாக்குறது. ஊர் கேரளாவுல புனலூர் பக்கம், வீட்டுல பேசுறது தமிழ்தான். ஏற்கெனவே பண்ணிக்கிட்ட என் மச்சான், "நாலு வாய் உள்ள போனா வயிறே கதவைச் சாத்திரும், நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம்"னு சொல்றார். நெசமா? பண்ணிக்கிட்டவங்க சொல்லுங்க.

3 ஜூன் 2024
கதவு சாத்தும். விரல் இடுக்குல மாட்டின பிறகுதான் சாத்துச்சுன்னே தெரியும். உங்க மச்சான் அதைச் சொல்லாம விட்டுட்டார்.

நான் செங்கோட்டை. 2022 மார்ச்ல திருவனந்தபுரத்துல பண்ணினது. அப்ப 131 கிலோ. வீட்டு மெஷின் 120 வரைக்கும்தான் காட்டும். பாவூர்சத்திரம் மார்க்கெட்ல நாங்க வெங்காய மூட்டை போடுற தராசுல ஏறித்தான் எடையே தெரிஞ்சுக்கிட்டேன். லோடுமேன் பையன் "அண்ணாச்சி, பில்லுல சேத்துரவா?"ன்னு கேட்டான். இப்ப 92. நடுவுல 88 வரை போய்த் திரும்பி வந்தவன். அந்த 4 கிலோ கதையைப் பின்னாடி சொல்றேன்.

3 ஜூன் 2024, ராத்திரி
காலையில கடைக்குப் போற அவசரத்துல எழுதினது. இப்ப கொஞ்சம் நிதானமா.

ஸ்லீவ்ல இரைப்பையை நீளவாக்குல வெட்டி முக்காலுக்கும் மேல எடுத்துருவாங்க. மிச்சம் இருக்கிறது ஒரு வாழைப்பழம் அளவு குழாய். முதல்ல அதுல 100, 150 மில்லிதான் பிடிக்கும், ஒரு டீ கிளாஸ். பசியைத் தூண்டுற கிரெலின்னு ஒரு ஹார்மோன், 1999-ல ஜப்பான்காரங்க கண்டுபிடிச்சது, அது அதிகமாச் சுரக்கிறதே வெட்டி எடுக்கிற அந்த மேல் பகுதியிலதான். அதனால முதல் ஆறு மாசம் பசின்னு ஒண்ணு எனக்குக் கிடையாது. கடியாரத்தைப் பாத்துத்தான் சாப்பிட்டேன்.

பசி போனது வசதின்னு நெனச்சேன். பசி போனா அது கூடவே இருந்த "போதும்"மும் போயிரும்னு யாரும் சொல்லல. சின்ன வயசுலேருந்து எனக்குப் போதும்னா, வயித்துல கல்லு வெச்ச மாதிரி கனம், பெல்ட்டைத் தளத்தணும், ஒரு ஏப்பம். இந்த மூணும் வந்தாத்தான் இலையை மடக்குவேன். புது வயித்துல அந்த மூணும் வராது. வர்றது எல்லாம் வேற.

5 ஜூன் 2024
வேற என்னன்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. எனக்கு மூக்கு.

ரெண்டாவது மாசம், குழைவான சாப்பாட்டுக்கு வந்தப்ப, ஒரு முட்டையை மசிச்சு மிளகு போட்டு உக்காருவேன். பாதியில இடது மூக்குல மட்டும் தண்ணி வடியும். குற்றாலத்துச் சாரல் தொடங்குற நேரம், சளின்னு நெனச்சு ஆவி பிடிச்சேன். வீட்டுலதான் கண்டுபிடிச்சாங்க: "சாப்புட உக்காந்தா மட்டும் ஒங்களுக்குத் தடுமம் வருதே, அது என்ன தடுமம்?"

அடுத்த தடவை போனப்ப டயட்டீஷியன் அம்மாகிட்டக் கேட்டேன். சிரிச்சாங்க. நெறைய பேருக்கு அப்படித்தானாம். சிலருக்கு மூக்கு, சிலருக்குத் தும்மல், சிலருக்கு விக்கல், சிலருக்கு நெஞ்செலும்புக்குக் கீழ விரலை வெச்சு அழுத்துற மாதிரி. உங்களுக்கு எதுன்னு முன்கூட்டியே யாராலயும் சொல்ல முடியாது.

5 ஜூன் 2024, கொஞ்ச நேரம் கழிச்சு
அந்த அம்மா மலையாளி. முதல் நாள் எனக்குச் சொன்ன மொத்தப் பாடமும் மூணு வார்த்தை: "பையெ கழிச்சா மதி." புனலூர்க்காரருக்கு விளக்க வேண்டாம், மத்தவங்களுக்காகச் சொல்றேன்: மெதுவாச் சாப்பிட்டாப் போதும். "பைய" எங்க ஊர்லயும் பையதான். என் வீட்டுக்காரங்களுக்குப் பிறந்த ஊர் மதுரைப் பக்கம், "கழிச்சா"வைக் கேட்டு முகம் போன போக்கைப் பாக்கணும். வெளிய வந்து, "வயித்தால போறதைப் பத்தியா அவ்வளவு நேரம் பேசுனாங்க?"ன்னு கேட்டாங்க.

"மதி"தான் என் மண்டையில நின்ன வார்த்தை. நம்ம பக்கத்துப் பந்தியில போதும்னா யார் நிறுத்துறா? போதும்னு சொன்ன பிறகுதான் ரெண்டு கரண்டி கூட விழும்.

16 ஜூன் 2024
நான் முன்னாடி சொன்னதைத் திருத்தணும். போதும்ங்கறதுக்கு எனக்கு அடையாளம் மூக்குன்னு சொல்லியிருந்தேன்ல, அது தப்பு. மூக்கு வந்தாலே ஒரு வாய் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

எட்டாவது படிக்கிற என் மகதான் கவனிச்சா. லீவுல பொழுது போகாம, நான் சாப்பிடறப்ப நோட்டுல கோடு போட்டுக்கிட்டிருந்தா. வாய்க்கு ஒரு கோடு. ஒன்பதோ பத்தோ ஆகறப்ப நான் ஒரு பெருமூச்சு விடுவேனாம். கரண்டியைக் கீழ வெச்சுட்டு ஜன்னலைப் பாப்பேனாம். திரும்ப எடுத்து ரெண்டு மூணு வாய் போட்டா மூக்கு. அதுக்கு மேல போனா எந்திரிச்சு வாஷ்பேசினுக்கு ஓட்டம். நாலு நாள் நோட்டும் இதையே சொல்லுச்சு. அந்தப் பெருமூச்சைத்தான் நான் பிடிச்சிருக்கணும். இத்தனை நாளா விட்டுக்கிட்டு இருந்தது எனக்கே கேக்கல.

இன்னொண்ணு, அந்த நேரத்துல ருசியும் லேசா மங்கும். முதல் வாய்ல அமிர்தமா இருந்த மீன் குழம்பு பத்தாவது வாய்ல வெறும் குழம்பு.

17 ஜூன் 2024
"வாஷ்பேசின் ஓட்டம்னா வாந்தியா?" இல்ல. வாந்தின்னா சாப்பாடு வரும். இது நுரை. கெட்டியா, முட்டை வெள்ளை அடிச்ச மாதிரி, எச்சில் பொங்கிப் பொங்கி வரும். உள்ள ஒரு வாய் சிக்கிக்கிச்சு, அதைத் தள்ள உடம்பு சுரக்கிற வழுவழுப்பு. பத்து நிமிசமோ அரை மணியோ நின்னுக்கிட்டுத் துப்பணும். தண்ணி குடிச்சுத் தள்ளப் பாக்காதீங்க, மேல தேங்கி இன்னும் மோசமாகும்.

எனக்குச் சிக்குறது: காய்ஞ்ச கோழிக் கறி, ரொட்டி, உருண்டையா உருட்டின சோறு. சிக்காதது: மீன், தயிர், பருப்பு, ஊறின இடியாப்பம். நல்லா மென்னாப் பாதிப் பிரச்சனை தீரும். முப்பது தடவைன்னு சொல்லுவாங்க. நான் எண்ணிப் பாத்தேன், பதினாலுக்கு மேல வாய்ல ஒண்ணும் மிஞ்சல.

12 ஜூலை 2024
கேள்வி கேட்டவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு மூணாம் நாளாம். தோள்பட்டை வலிக்குதுன்னு எழுதியிருக்கார். நல்லா வந்துட்டீங்க, சந்தோசம்.

சாவித்துவாரத்துல பண்ற ஆபரேஷன்ல வயித்தைக் காத்தடிச்சு உப்ப வைப்பாங்க. கார்பன் டை ஆக்ஸைடு. மிச்சம் இருக்கிற வாயு உதரவிதானத்தை உரசுறப்ப அந்த நரம்பு வலியைத் தோள்ல கொண்டு போய்க் காட்டும். நடந்தா ரெண்டு மூணு நாள்ல போயிரும். நான் வார்டு வராந்தாவுல நடந்து நடந்தே ஒரு பாட்டியம்மாவோட சிநேகம் ஆயிட்டேன்.

ஆனா ஒண்ணு. தோள் வலி கூடவே காய்ச்சல், படுத்திருக்கிறப்பவும் நாடி 120-க்கு மேல, மூச்சு வாங்குறது, வயித்து வலி ஏறிக்கிட்டே போறதுன்னா வாயுன்னு சொல்லிக்கிட்டு இருக்காதீங்க. தையல் போட்ட இடம் கசிஞ்சாலும் அப்படி வரும். ராத்திரி ரெண்டு மணியானாலும் கூப்பிடுங்க. அதே மாதிரி, தண்ணி கூட நிக்காம நாள் கணக்குல வாந்தி, காலு மரத்துப் போகுது, நடை தள்ளாடுது, பார்வை ரெண்டாத் தெரியுதுன்னா தயமின்ங்கற பி1 வைட்டமின் தீர்ந்து போச்சோன்னு பாக்கணும். அதுல தாமதம் ஆனா நரம்பு கெட்டுரும். இதையெல்லாம் இங்க கேட்டுக்கிட்டு உக்காராதீங்க. வண்டியை எடுங்க.

13 ஜூலை 2024
நேத்து ரொம்ப பயமுறுத்திட்டேன் போல, ஒருத்தர் ஆபரேஷனே வேண்டாம்னு எழுதியிருக்கார். பெரும்பாலானவங்க என்னை மாதிரி மூக்கைத் துடைச்சுக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம். எனக்கு இருந்த சர்க்கரைக்கு மூணு மாத்திரை, இப்ப ஒண்ணு கூட இல்ல. அதுவும் டாக்டர் ஒவ்வொண்ணாக் குறைச்சு நிறுத்தினது. நீங்களா நிறுத்தாதீங்க, பழைய அளவையே போட்டுக்கிட்டும் இருக்காதீங்க. சாப்பாடு கால்வாசி ஆயிருக்கு.

29 ஜூலை 2024
தண்ணி. இதைப் பத்தி யாரும் கேக்கல, ஆனா என்னை முதல்ல படுக்க வெச்சது இதுதான்.

வெயில்ல லோடு ஏத்தி முடிச்சு ஒரு சொம்புத் தண்ணியை அண்ணாந்து மடக்மடக்னு குடிக்கிறது எனக்கு ஒரு சுகம். இனி அது கிடையாது. ஒரு மடக்கு பெருசாப் போனா நெஞ்சுல கத்தி. அதனால குடிக்கிறதையே குறைச்சேன். தாகம்னு தோணவும் இல்ல. ஒரு நாள் புளியறை செக்போஸ்ட்ல வண்டியை விட்டு இறங்கினேன், கண் இருட்டி டயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். டிரைவர் "அண்ணாச்சி, பிரஷரா?"ன்னான். தண்ணி இல்லாமத்தான். தாகத்தை நம்பாம சிறுநீரோட நிறத்தைப் பாக்கப் பழகினேன். கடுந்தேயிலை நிறத்துல போனா நான் தப்பு பண்றேன்.

கேரளா ஓட்டல்ல வைக்கிற அந்த ரோஸ் கலர் பதிமுகம் தண்ணி, வெதுவெதுப்பா, அது எனக்கு அழகா இறங்குது. பச்சைத் தண்ணி முட்டுது. ஏன்னு கேட்டா சூடுதான் காரணம்னு நெனைக்கிறேன். இப்ப வீட்டுலயும் அதுதான், ஃப்ளாஸ்க்ல. சாப்பாட்டோட சேத்துக் குடிக்கிறது இல்ல, முடிஞ்சு அரை மணி கழிச்சுத்தான்.

4 ஆகஸ்ட் 2024
பார்டர் பரோட்டா பத்தி ஒருத்தர் கிண்டலாக் கேட்டிருந்தார். செங்கோட்டைக்காரன்கிட்ட வேற என்ன கேப்பாங்க.

அந்தப் பரோட்டாக் கடைங்க இருக்கிற பிரானூர் பார்டர்ல எந்த பார்டரும் இல்லைங்கறது வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. செங்கோட்டை திருவிதாங்கூர்ல இருந்த காலத்து எல்லை அது. 1956 நவம்பர் 1-ல நாங்க இந்தப் பக்கம் வந்துட்டோம். எல்லை புளியறை தாண்டி மலைமேல கோட்டவாசலுக்குப் போயிருச்சு. 68 வருசம் ஆகப் போகுது. பஸ்ல கண்டக்டர் இன்னும் "பார்டர் எல்லாம் எறங்கு"ன்னுதான் கத்துறார்.

என் மண்டையும் அந்த கண்டக்டர்தான். வயித்தோட எல்லை எங்கேயோ போயிருச்சு, கை மட்டும் பழைய எடத்துலயே இறங்குது. நாலு பரோட்டா சொல்லி உக்காந்து அரை பரோட்டாவுல எந்திரிச்சிருக்கேன். சப்ளையர் பையன் ருசி சரியில்லையோன்னு முதலாளியைக் கூட்டிட்டு வந்துட்டான்.

27 ஆகஸ்ட் 2024
ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு, எனக்கு எல்லாம் தெரியும்ங்கற தெனாவட்டுல இருந்தேன். நேத்து அது இறங்குச்சு.

புனலூர்ல சொந்தக்காரப் பையன் கல்யாணம். ஆவணி முகூர்த்தம், மண்டபம் நெறைய ஆள். சாப்பாடு மலையாள இலை விருந்து, சத்யா. ரெண்டு வாய் சோறு, அவியல், ஓலன், எல்லாம் பையத்தான் கழிச்சேன். பெருமூச்சு வந்துச்சு, மதின்னு கை காட்டினேன். பெருமையா இருந்துச்சு. அப்ப அத்தை வந்தாங்க. எழுபத்தஞ்சு வயசு. "எலும்பும் தோலுமாப் போயிட்டியே ராசா"ன்னு பால் பாயசத்தை டம்ளர்ல நீட்டினாங்க. 92 கிலோ ஆளைப் பாத்து எலும்பும் தோலும்னு சொல்ற ஒரே ஜீவன் உலகத்துல அவங்கதான். எப்படி மறுக்க? பாயசம் தண்ணி மாதிரிதானே, வழுக்கிக்கிட்டு இறங்கிருச்சு. மூக்கு இல்ல, மூச்சு இல்ல, ஒரு சிக்னலும் இல்ல. டம்ளர் காலி.

கால் மணி நேரம். நெஞ்சு திடுதிடுன்னு அடிச்சுது. காது சூடு. சட்டை நனைஞ்சுருச்சு. வயித்துல இடி உருண்டுச்சு. ஹார்ட் அட்டாக்தான்னு முடிவு பண்ணிட்டேன். மண்டபத்துப் பின்கட்டுல, தேங்காய் மூட்டைக்குப் பக்கத்துல படுத்துட்டேன். வீட்டுக்காரங்க வந்து பாத்தாங்க, பாயசம் குடிச்சேன்னதும் திட்டினாங்க. அரை மணி நேரத்துல தானா அடங்குச்சு.

அதோட முடியல. வீட்டுக்குத் திரும்புறப்ப, தென்மலை தாண்டி, கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் வர்ற எடத்துல கை நடுங்குது. அடங்காத பசி. பசியே இல்லாதவனுக்குப் பசி! பையில இருந்த மெஷின்ல குத்திப் பாத்தா சர்க்கரை 61.

டாக்டர்கிட்ட இன்னிக்கு போன்ல கேட்டேன். ரெண்டும் ஒரே டம்ளரோட வேலை. முதல்ல, சர்க்கரை வேகமாக் குடலுக்குள்ள விழ, அதைக் கரைக்க உடம்புத் தண்ணியெல்லாம் அங்க ஓடுது, அதான் படபடப்பு. பிறகு, ஏறின சர்க்கரைக்கு இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து தரையில தள்ளுது. அது ஒண்ணுலேருந்து மூணு மணி நேரத்துக்குள்ள. டம்ப்பிங்னு பேர். இரைப்பை பைபாஸ் (நெஞ்சுல பண்றது இல்ல, எடை குறைய வயித்துல பண்ற இன்னொரு ஆபரேஷன்) பண்ணினவங்களுக்குத்தான் வரும்னு இங்க ஒருத்தர் எழுதியிருந்தார். அவங்களுக்கு அதிகம், ஸ்லீவ்காரங்களுக்கு வராதுன்னு இல்ல.

சர்க்கரை ஏறினதால வந்த தாழ்வுக்கும் மருந்து அந்த நேரத்துக்குச் சர்க்கரைதான். மூணு ஸ்பூன் குளுக்கோஸ் தண்ணியில, பிறகு கொஞ்சம் வேர்க்கடலை. அந்த நடுக்கத்தைப் பசின்னு நெனச்சு இத்தனை நாள் எத்தனை பிஸ்கட் தின்னேனோ.

28 ஆகஸ்ட் 2024
அத்தை போன் பண்ணினாங்க. பாயசத்துல நெய் பத்தலையோன்னு கேட்டாங்க.

9 செப்டம்பர் 2024
88-லேருந்து 92-க்கு ஏறின அந்த 4 கிலோ கதை. பாயசம் எழுதினப்பவே வந்திருக்கணும், தள்ளிப் போட்டேன். வெக்கம்தான்.

கோழியும் பருப்பும் வயித்துல உக்காரும். உக்காந்தாத்தான் வயிறு பேசும். நொறுங்கிக் கரையுறது உக்காராது: மிக்சர், முறுக்கு, நேந்திரங்காய் சிப்ஸ், அல்வா, பிஸ்கட்டை டீயில தொட்டது. ஆரியங்காவு ரோட்டுல சூடா வறுத்துத் தர்ற சிப்ஸ், கால் கிலோ. செங்கோட்டை வர்றதுக்குள்ள வெறும் பை. மூக்கு காய்ஞ்சு கிடக்கு. போதும்னு தெரிஞ்சுக்க நான் கத்துக்கிட்ட பாஷை எதுவும் இதுக்கிட்டச் செல்லாது. ஊமைச் சாப்பாடுன்னு நாங்க வீட்டுல பேர் வெச்சிருக்கோம்.

முதல்ல புரதம், புரதம்னு டயட்டீஷியன் அம்மா நாளைக்கு 60 கிராம் கணக்குச் சொன்னது தசைக்காகன்னுதான் நெனச்சேன். அது மட்டும் இல்ல. வயித்தைப் பேச வைக்கிறதும் அதுதான்.

22 செப்டம்பர் 2024
"சாயங்காலம் ஆறு மணிக்குக் குடையுற பசி வருது, ஆபரேஷன் தோத்துப் போச்சா?" இது கேள்வி கேட்டவரேதான். ரெண்டரை மாசம் ஆச்சாம்.

எனக்கும் இருந்துச்சு. மேல்வயித்துல சுரண்டும். ரெண்டு வாய் சாப்பிட்டா அடங்கும், முக்கால் மணி கழிச்சு மறுபடி சுரண்டும். நான் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை சாப்பிட்டேன். அது பசி இல்ல, அமிலம். ஸ்லீவ்ல அழுத்தம் ஜாஸ்தி, புளிப்பு மேல ஏறுறது பலருக்கு உண்டு. அதுக்கு டாக்டர் குடுத்த மாத்திரையை நானே சரியாயிருச்சுன்னு நிறுத்தியிருந்தேன். திரும்பப் போட்டதும் பசி காணாமப் போச்சு.

இப்ப நான் வெச்சிருக்கிற சோதனை: ஒரு அவிச்ச முட்டை சாப்பிடத் தோணுதான்னு கேட்டுப் பாப்பேன். தோணினா பசி. முட்டை வேண்டாம், மிக்சர்தான் வேணும்னா அது வாய். எதுவும் வேண்டாம், ஆனா எரியுதுன்னா அமிலம். இந்தச் சோதனை எல்லா நாளும் சரியா வருதுன்னு சொல்ல மாட்டேன். கடையில பாக்கி வசூல் ஆகாத நாள்ல முட்டையும் வேணும், மிக்சரும் வேணும்.

23 செப்டம்பர் 2024
முடி கொட்டுதான்னு ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. மூணாம் மாசம் தொடங்கி ஆறேழு மாசம் வரை கொட்டும், பிறகு வரும். எனக்குக் கொட்ட அதிகம் இல்ல, நஷ்டமும் இல்ல. குளிர்தான் புதுசு. சாரல் காலத்துல சட்டையில்லாமத் திரிஞ்சவன் இப்ப மப்ளர் சுத்துறேன்.

24 நவம்பர் 2024
ஐயப்ப சாமிங்க வண்டியால ஊரே முட்டிக் கிடக்கு. இதுக்கு நடுவுல கேள்வி கேட்டவர் நேத்து செங்கோட்டை வந்தார். நாலரை மாசத்துல 27 கிலோ குறைஞ்சிருக்கார். சட்டை இன்னும் பழையது, தோள்ல தொங்குது.

பிரானூர்ல உக்காந்தோம். ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பரோட்டா, ஒரு நாட்டுக்கோழி. பரோட்டாவைப் பிச்சு சால்னாவுல ஊற விட்டுட்டுப் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் பரோட்டாவைத் தொடல, கோழியை நார் நாராப் பிச்சு மென்னுக்கிட்டே இருந்தார். அவருக்கு மூக்கு இல்ல, விக்கல். ஒண்ணே ஒண்ணு, சின்னதா. அதுக்கு முன்னாடி என்ன வருதுன்னு இன்னும் கண்டுபிடிக்கலன்னார். இடது காதுமடலை நிமிண்டினார், பிறகு விக்கல் வந்துச்சு. ரெண்டு தடவை பாத்தேன். சொல்லல, அடுத்த தடவை வரட்டும்.

பையன் சால்னா வாளியோட வந்தான். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இலைக்கு மேல கையை விரிச்சோம். மிச்சக் கோழியைப் பார்சல் கட்டச் சொன்னதும் யார் எடுத்துட்டுப் போறதுன்னு ஒரு சண்டை. அவர்தான் எடுத்துட்டுப் போனார்.